உஷார்! "கல்வி ஆபீஸ்ல இருந்து பேசுறோம் தம்பி..."

சனிக்கிழமை. விடியும் முன்பே அம்மா ஜீப் ஏறிவிட்டார். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டத்துக்குப் போனால் சாயங்காலம்தான் இறங்குவார். அப்பா வயலில் நிற்கிறார். வீட்டில் எட்டாம் வகுப்புப் பையனும் ஒரு ஸ்மார்ட்போனும். வகுப்பு வாட்ஸ்அப் குழு அந்தப் போனில்தான். வீட்டுப்பாடம் அதில்தான். அம்மாவின் வங்கிக் கணக்கும் அதில்தான்.

போன் அடிக்கிறது.

"வணக்கம் தம்பி, கல்வி ஆபீஸ்ல இருந்து பேசுறோம். அம்மா இருக்காங்களா?"

"அம்மா தோட்டத்துக்குப் போயிருக்கு சார்."

"சரி, பரவாயில்ல. எட்டாப்பு பி பிரிவுதானே நீ? அப்பா பேரு இதுதானே? உனக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்குப்பா. மதியத்துக்குள்ள ஏத்தலைன்னா திரும்பப் போயிரும். வாட்ஸ்அப்புல ஒரு கியூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பரை மட்டும் போடு. யார்கிட்டயும் சொல்லாத, எனக்குக்கூடச் சொல்லாத."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "எனக்குக்கூடச் சொல்லாத" என்கிறவன் திருடனாக இருக்க முடியாது என்று பையன் நம்புகிறான். பின் நம்பர் அவனுக்குத் தெரியும். மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புவதும் கரண்ட் பில் கட்டுவதும் அந்த வீட்டில் அவன் வேலைதானே! தட்டுகிறான். பணம் வருவதற்குப் பதிலாகப் போகிறது. "ஏதோ தப்பாயிருச்சு தம்பி, இன்னொரு தடவை போடு, ரெண்டும் சேர்ந்து வந்துரும்" என்கிறது குரல். மறுபடியும் தட்டுகிறான். இரவு கடையில் அரிசிக்குப் பணம் அனுப்ப நிற்கும்போதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிகிறது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. இந்த மோசடி நடக்கும் விதமே இப்படித்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரைக் குறிவைத்து, உதவித்தொகை என்ற பெயரில் இந்த வலை தமிழ்நாட்டில் விரிக்கப்பட்டிருக்கிறது. 2024இல் கோவை மாநகர சைபர் கிரைம் போலீசார் இதே வேலையைச் செய்த ஒரு கும்பலைப் பிடித்தார்கள். ஒரு கும்பல் உள்ளே போனதால் இந்த வித்தை ஒழிந்துவிடவில்லை. கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். முதலீடு ஒரு சிம் கார்டு. இந்தியில் பேசினால்தான் மோசடி என்று நினைத்திருப்பவர்களே, இந்த அழைப்பு நல்ல தமிழில் வரும்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கூடலூர், கம்பம், தேவாரம், போடி என்று மலையடிவாரம் முழுக்க, பெற்றோர் மேலே தோட்டத்திலும் பிள்ளைகள் கீழே வீட்டிலும் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். மேலே சிக்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி பிள்ளையின் கையில் இருக்கும் போனுக்குத்தான் வரும். ஜூன் மாதம் வந்தால் ஒரு பக்கம் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் முதல் போகத்துக்கு நாற்றங்கால் வேலை, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம் திறப்பு. விதைநெல்லுக்கும் பணம் வேண்டும், நோட்டுப் புத்தகத்துக்கும் பணம் வேண்டும். அந்த நேரத்தில் "ஸ்காலர்ஷிப்" என்ற சொல் காதில் விழுந்தால் யாருக்குத்தான் மனம் இளகாது?

பிள்ளைகள் ஏன் இவ்வளவு சுலபமாக மாட்டுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் அவர்களுடைய பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

2018இல் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் புதிதாக வந்தபோது பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு அச்சிட்டார்கள். நல்ல ஏற்பாடு. போனைக் காட்டினால் காணொளி வரும், பயிற்சி வரும். எத்தனையோ பிள்ளைகளுக்கு வகுப்பில் புரியாத கணக்கை அந்தச் சதுரம் புரியவைத்திருக்கிறது. ஆனால் ஆறு வயதிலிருந்து அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் நமக்கு ஏதோ ஒன்று கிடைக்கும். பாடம் கிடைக்கும், படம் கிடைக்கும். டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் சதுரம் நேர் எதிரானது. அதை ஸ்கேன் செய்தால் நம்மிடமிருந்து போகும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம். இந்த வித்தியாசத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே இல்லை. மோசடிக்காரன் அந்த இடைவெளிக்குள்தான் நுழைகிறான்.

ஆகவே முதல் பாடம் இது. கரும்பலகையிலோ சுவரிலோ எழுதிவைத்தாலும் தவறில்லை: யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பவும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் மட்டுமே. பணம் வாங்க ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் போட வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம். உங்களுக்குப் பணம் தருகிறவருக்கு உங்கள் எண் போதும். அரசு உதவித்தொகை என்றால் அது நேராக வங்கிக் கணக்கில் ஏறிவிடும். எந்த அதிகாரியும் போனில் கூப்பிட்டு ஏற்றுவதில்லை. ஒருவர் இன்னொருவரிடம் "பணம் கொடு" என்று யுபிஐ வழியே கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசிய பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்திவிட்டது. அந்த ஓட்டை அடைபட்டது. கியூஆர் கோடு என்ற ஓட்டையை நாம்தான் அடைக்க வேண்டும்.

சரி, அவனுக்கு எட்டாப்பு பி பிரிவு என்று எப்படித் தெரிந்தது? அப்பா பெயர் எப்படித் தெரிந்தது? பெற்றோர் நம்புவதே இந்த விவரங்களால்தான். "நம்ம பையன் பேரு, கிளாஸு எல்லாம் சொல்றாரே, ஆபீஸுல இருந்துதான் பேசுவாரு" என்று தோன்றிவிடுகிறது.

விவரம் கசிய எத்தனையோ வாசல்கள். சேர்க்கைக்கு நகல் எடுத்த ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டரின் விண்ணப்பம், "பரிசு வெல்லுங்கள்" என்று பொருட்காட்சியில் நிரப்பிக் கொடுத்த சீட்டு. இவை சின்ன வாசல்கள். பெரிய கதவுகளும் திறந்து கிடந்திருக்கின்றன. பாடநூல் கியூஆர் கோடுக்குப் பின்னால் இருக்கும் மத்திய அரசின் தீக்‌ஷா தளத்தில், பாதுகாப்பு இல்லாத ஒரு சேமிப்பகம் ஓராண்டுக்கும் மேலாகத் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், போன் எண், மின்னஞ்சல். ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்களின் பெயர், பள்ளி, படித்த பாடம். பிள்ளையின் பெயரும் பள்ளியும் தெரிந்தாலே ஒரு பொய்க்குப் போதுமான மூலதனம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஆயிரக்கணக்கான பள்ளிகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் என்ற மென்பொருளுக்குள் 2024 டிசம்பரில் திருடர்கள் புகுந்தார்கள். விவரங்களை வெளியிடாமல் இருக்க நிறுவனம் பணம் கொடுத்தது. வாங்கிக்கொண்டு அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். சில மாதம் கழித்து அதே விவரங்களைக் காட்டி பள்ளி நிர்வாகங்களை மிரட்டினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவன் 19 வயது கல்லூரி மாணவன். பணக்கார நாட்டின் பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

பெயரும் கைரேகையும் எடுத்துப் பட்டியல் போடுவது என்றால் என்னவென்று இந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சில சாதிகளையே குற்றவாளிகளாகப் பட்டியலிட்ட பிரிட்டிஷ் ஆட்சியின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். கைரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் உயிரை விட்டார்கள். அந்த மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் தேனி மாவட்டத்தில் பாடம் நடத்துகின்றன. இன்றைக்குப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயர், சாதி, ஆதார், பெற்றோரின் எண் என்று எடுப்பது பிள்ளையின் நன்மைக்காக. அன்றைய கொடுமையோடு இதை நான் ஒப்பிடவில்லை. ஆனால் பட்டியல் எங்கே இருக்கிறது, யார் யார் பார்க்கலாம் என்று கேட்கும் உரிமை, அந்த ஊர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். தயங்காதீர்கள்.

கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2024 கோடையில், எமிஸில் உள்ள பெற்றோர் எண்கள் சரிதானா என்று ஓடிபி அனுப்பிச் சோதிக்கும் வேலை ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆசிரியர் போன் செய்து, "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்று கேட்க வேண்டியதாயிற்று. பல பெற்றோர் சொல்ல மறுத்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி! "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கியும் போலீசும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பள்ளிக்கூடத்தின் பெயரால் வரும் அழைப்பு ஓடிபி கேட்டால், கூடலூரில் இருக்கும் ஒரு தாய் எதை நம்புவார்? நல்ல அழைப்பும் கெட்ட அழைப்பும் ஒரே சொற்களைப் பேசினால் குழப்பம் யாருக்கு லாபம்? எண் சரிபார்ப்பு எதுவானாலும் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்து, ஆசிரியர் முகத்தைப் பார்த்துச் செய்யட்டும். போனில் ஓடிபி கேட்பதில்லை என்று துறை ஒரே வரியில் அறிவித்து, அந்த வரியை ஒவ்வொரு பள்ளி வாசலிலும் ஒட்டட்டும்.

டிஜிட்டல் படிப்பே வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம், தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், 2023 ஜூலையில் வந்த மணற்கேணி செயலி என்று அரசு செலவழித்திருப்பது வீணான பணம் அல்ல. சென்னையில் பல ஆயிரம் கொடுத்துக் கோச்சிங் போகும் பிள்ளை பார்க்கும் தரத்தில் ஒரு அறிவியல் பாடத்தை கூடலூரை அடுத்த லோயர் கேம்ப் பிள்ளை இலவசமாகப் பார்க்கிறது. இதைவிட நியாயமான காரியம் எது? எனக்கு ஆத்திரமாக வருவது வேறு விஷயத்தில். போனைக் கொடுத்தோம், செயலியைக் கொடுத்தோம், திரையைக் கொடுத்தோம், பூட்டைக் கொடுக்கவில்லை. கணினி ஆய்வகத்தில் ஒரு பீரியட், ஒரே ஒரு பீரியட், "கியூஆர் கோடு எப்போது கொடுக்கும், எப்போது பிடுங்கும்" என்று நடத்தினால் எவ்வளவோ வீடுகள் தப்பிக்கும்.

அதுவரை வீட்டில் நாமே செய்யக்கூடிய ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன். பெரிய செலவு இல்லை.

வங்கியில் பதிவான சிம்மை ஒரு பட்டன் போனில் போடுங்கள். அந்தப் போன் அம்மாவோடு ஜீப்பில் போகட்டும். பிள்ளையின் பாடத்துக்கான ஸ்மார்ட்போனில் வேறு சிம் இருக்கட்டும். அதில் கூகுள் பே, போன்பே எதுவும் வேண்டாம். பின் போட்டாலும் போக அங்கே பணம் இல்லை, ஓடிபி வந்தாலும் திருட அங்கே செய்தி இல்லை. இரண்டு சிம்முக்கு ரீசார்ஜ் என்றால் பாரம்தான், தெரியும். முடியாதவர்கள் இன்னொன்று செய்யலாம். யுபிஐக்கென்று ஒரு சிறு கணக்கு வைத்து, வாரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போடுங்கள். கூலிப் பணம், நகைக் கடன் பணம், பிள்ளையின் உதவித்தொகை வரும் கணக்கு ஆகியவற்றை எந்தச் செயலியோடும் இணைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், நாமே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி பொதுவாகப் பொறுப்பேற்காது. ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, வங்கியின் தவறால் போனால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. இருவர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் போயிருந்தால் மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். ஆனால் வாடிக்கையாளரே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போனதெல்லாம் அவர் தலையில்தான். உங்கள் பிள்ளை உங்கள் போனில் உங்கள் பின் நம்பரைப் போட்டது, கணக்கில் நீங்களே போட்டதாகத்தான் பதிவாகும்.

ஊருக்குள்ளும் இதே வித்தை வேறு வேடத்தில் திரிகிறது. "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று செய்தி வரும், மின்வாரியம் அப்படித் தனி எண்ணிலிருந்து மிரட்டுவதில்லை. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, விவசாயி உதவித்தொகைப் பட்டியல் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் கோப்பு வரும்; தொட்டால் போனுக்குள் புகுந்து உங்கள் குறுஞ்செய்திகளை எல்லாம் வெளியே அனுப்பும். சொந்த மாமா அனுப்பியதுபோல் வந்தாலும் திறக்காதீர்கள். மாமாவின் போன் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கலாம். சந்தையில் கடை போடுகிறவர்கள் காலையில் ஒருமுறை உங்கள் கியூஆர் அட்டையை நீங்களே ஸ்கேன் செய்து உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் இரவோடு இரவாகக் கடைகளின் கியூஆர் மேல் வேறு கியூஆர் ஒட்டிவிட்டார்கள். விற்றது ஒருவர், பணம் இன்னொருவருக்கு.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளே, உங்களுக்குத் தனியாக ஒன்று. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவதால் உங்களில் பலர் கையிலும் வங்கிக் கணக்கு இருக்கிறது. "உன் கணக்கை ரெண்டு நாள் கொடு, ஐயாயிரம் தர்றேன்" என்று ஒரு அண்ணன் வருவார், சில நேரம் சீனியர் மாணவராகவே வருவார். உதவித்தொகை மோசடியில் போகும் பணம் நேராகத் திருடனின் கணக்குக்குப் போவதில்லை. இப்படி வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகத்தான் ஓடுகிறது. போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்தக் கணக்குக்காரர் வீட்டு வாசலில். 2024 டிசம்பரில் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு "ஆபரேஷன் திரைநீக்கு" என்று மாநிலம் முழுக்கத் தேடியதில் 76 பேர் கைதானார்கள். கணக்கு முடங்கினால் உங்கள் உதவித்தொகையும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வழக்கு இருக்கிறவருக்கு அரசு வேலை எட்டாக்கனி. ஐயாயிரத்துக்கு இதெல்லாம் தகுமா?

பணம் போய்விட்டதென்றால் அழுவதற்கு முன் 1930க்குப் போன் செய்யுங்கள். பட்டன் போனிலிருந்தும் பேசலாம். அங்கே சொன்ன உடன், பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், கை மாறாத தொகையை நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் தங்கம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். பரிமாற்றத்தின் 12 இலக்க எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும், தேனி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். வந்த கியூஆர் கோடையும் அழைப்பு எண்ணையும் அழித்துவிடாதீர்கள், சாட்சி அதுதான்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: பிள்ளையை அடிக்காதீர்கள். அடி வாங்கும் பயத்தில்தான் பிள்ளைகள் சாயங்காலம் வரை சொல்லாமல் மறைக்கிறார்கள், 1930இன் பொன்னான ஒரு மணி நேரம் அங்கேதான் கரைகிறது. "என்ன தப்பு நடந்தாலும் உடனே சொல்லு, திட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தோட்டத்தில் சிக்னல் இல்லையென்றால் யாரிடம் ஓட வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவா, தெருமுனைக் கடை அண்ணாச்சியா, வகுப்பு டீச்சரா என்றும் முடிவு செய்து வையுங்கள். 1930 எண்ணை அந்தப் பெரியவருக்கும் கொடுத்துவையுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம பின் நம்பர் உனக்குத் தெரியுமாடா?" தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொன்னால், தட்டைக் கழுவி வைத்ததும் முதல் வேலையாக அந்த எண்ணை மாற்றிவிடுங்கள்.